மன அழுத்த நிவாரணியா கலை? – ஓர் எதிர்வினை

அலுவலகம் முடிந்து களைத்து வீடு திரும்புகிறவர் அரை மணி நேரம் படம் வரையட்டும், களிமண் பிசையட்டும், நாலு வரி கவிதை எழுதட்டும்; மன அழுத்தம் குறையும், மறுநாள் புத்துணர்வோடு பணிக்குத் திரும்பலாம் – இப்படியொரு உபதேசம் சில ஆண்டுகளாக எங்கும் கேட்கிறது. நிறுவனங்களின் மனிதவளத் துறையினர் சொல்கிறார்கள். ஆசிரியர்களுக்கு நடத்தப்படும் புத்தாக்கப் பயிற்சிகளில் சொல்கிறார்கள். ஞாயிறு இணைப்புகள் படத்துடன் சொல்கின்றன. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடலாம். ஆனால் சிற்றிதழ் வாசித்து வளர்ந்த நண்பர்களே இப்போது 'இலக்கியம் எனக்கு ஒரு ரிலாக்சேஷன்' என்று மேடையில் பெருமிதத்தோடு அறிவிக்கத் தொடங்கியிருப்பதால், மறுத்துச் சில வார்த்தைகள் எழுத வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றை முதலில் வைத்துவிடுவோம். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 39 பேர், ஒவ்வொருவருக்கும் 45 நிமிடம், களிமண்ணோ வண்ணப் பேனாவோ வெட்டி ஒட்டும் காகிதமோ, விரும்பியதைச் செய்யலாம். முடிவில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரின் உமிழ்நீரில், அழுத்தத்தின் அடையாளமான கார்டிசால் சுரப்பு குறைந்திருந்தது. முன்அனுபவம் இருந்தவர், இல்லாதவர் என்ற வேறுபாடு பெரிதாகத் தென்படவில்லை. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் அதை நாம் நம்புகிறோம். கையால் ஒன்றைச் செய்கிறபோது மனம் அடங்குகிறது என்பதைக் கோலம் போடுகிற எந்தப் பெண்ணும் சொல்லுவாள்.

நமக்குச் சிக்கல் அந்த 'மறுநாள்' என்ற சொல்லில் இருக்கிறது. மாலையில் செய்கிற காரியத்தின் நியாயம் மறுநாள் காலையில் இருக்கிறதாம்! மாட்டை அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் காட்டுவது விடியலில் மீண்டும் ஏரில் பூட்டத்தான் என்பதுபோல. படம் வரைந்தவனுக்குப் படம் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்று கேட்கிறார்கள். ஜோஹன்னா பாஸ்ஃபோர்டின் 2013-ஆம் ஆண்டுப் புத்தகத்தைத் தொடர்ந்து உலகெங்கும் பரவிய, வளர்ந்தோருக்கான வண்ணம் தீட்டும் புத்தகங்களை நினைத்துப் பாருங்கள். கோடு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. கோட்டுக்குள் நிற்பதொன்றே வாங்கியவரின் வேலை. பகலெல்லாம் அலுவலகத்தில் செய்வதும் அதைத்தானே.

நம் மரபில் தொழிலும் கவியும் ஒரே பெயருக்குள் வாழ்ந்திருக்கின்றன. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார். முதலாண்டு மாணவர்களுக்கு இந்தப் பெயர்களை நடத்தும்போதெல்லாம் ஒன்று தோன்றும்: தாமோதரனார் நோயாளிகளைப் பார்த்த களைப்புத் தீரப் புறப்பாட்டு எழுதினார் என்று உரையாசிரியர் எவரேனும் சொல்லியிருந்தால் எவ்வளவு சிரிப்பாக இருந்திருக்கும்! தொல்காப்பியரும் விளையாட்டை ஒதுக்கவில்லை; உவகை பிறக்கும் நிலைக்களன்களில் ஒன்றாக அதை வைத்தார். உழைப்புக்குத் திரும்புவதற்கான இடைவேளையாக வைக்கவில்லை. 'பொழுதுபோக்கு' என்ற நம் சொல்லே கொஞ்சம் சந்தேகத்துக்குரியது. போக்கிவிட வேண்டிய அளவுக்குப் பொழுது நம் கையில் மிஞ்சிக் கிடக்கிறதா என்ன?

நவீன இலக்கியத்துக்கு வருவோம். லா.ச.ரா. வங்கியில் இருந்தார், வண்ணதாசனும் வங்கிதான். நாஞ்சில் நாடன் நிறுவனமொன்றின் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தார். பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி. இமையம் பள்ளி ஆசிரியர். தமிழின் நல்ல எழுத்தில் பெரும்பகுதி வேலை நேரத்துக்குப் பிறகு எழுதப்பட்டதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் 'கோவேறு கழுதைகள்' எழுதியவருக்கு அதனால் மனம் லேசாகியிருக்கும் என்று அந்நாவலைப் படித்த யாராவது சொல்வார்களா? படித்த நமக்கே பல நாள் மனம் கனத்துக் கிடந்தது.

காஃப்காவை இந்த உபதேசகர்கள் அடிக்கடி துணைக்கு அழைக்கிறார்கள். பிராக் நகரின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினாரே, உங்களால் முடியாதா என்று. அவருடைய அலுவலகம் காலை 8 மணிக்குத் தொடங்கிப் பகல் 2 மணிக்கு முடிந்துவிடும் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அப்படியிருந்தும் 1912 செப்டம்பரில் 'தீர்ப்பு' கதையை அவர் எழுதியது இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒரே அமர்வில். எழுந்தபோது கால்கள் விறைத்துப்போயிருந்தன. களைப்பாறிய மனிதனின் கோலமா அது?

இரவு 10 முதல் விடியும்வரை என்றதும் எங்கள் பக்கத்தாருக்குக் காஃப்காவுக்கு முன்னால் நினைவுக்கு வருவது கூத்துதான். கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பெயரிலேயே கூத்தைத் தாங்கிய கூத்தாண்டவர் கோயில்கொண்ட கூவாகமும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆடுகிறவர்கள் யார்? பகலில் கரும்பு வெட்டுகிறவர், ஏர் ஓட்டுகிறவர், கொத்து வேலைக்குப் போகிறவர். தங்கள் முகத்துக்குத் தாங்களே அரிதாரம் பூசி, மரத்தில் செதுக்கிய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் நின்று பாட்டெடுக்கும்போது மணி 11-ஐத் தாண்டியிருக்கும். அர்ச்சுனன் தபசில் வேடக்காரர் நெடிய கம்பத்தின்மேல் ஏறிக்கொண்டே பாட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பாட்டு. கீழே மத்தளமும் முகவீணையும். கடைசி நாள் படுகளத்தில், மண்ணால் வனைந்து கிடத்திய துரியோதனன் தொடையில் அடி விழுந்து திரௌபதி கூந்தல் முடிக்கும்போது, சுற்றி நிற்கும் பெண்கள் அழுவார்கள். வேடக்காரர் அருள் வந்து விழுவதும் உண்டு. நீர் தெளித்து எழுப்புவார்கள். பிறகு அவர் வேட்டியை மாற்றிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போவார். ஆம், இதுவும் வேலை நேரத்துக்குப் பிந்தைய கலைதான். ஆனால் இது உடம்பை எடுத்துக்கொண்டு வேறொன்றைத் தருகிறது. பகலில் யாருடைய வரப்பில் கைகட்டி நின்றானோ அவனுக்கு முன்னால், அன்றிரவு அவன் கர்ணன். 'ரிலாக்சேஷன்' என்ற சொல்லை இங்கே எங்கே பொருத்துவது?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நகரங்களில் வாரக் கடைசி மரவேலைப் பயிலரங்குகள் நடக்கின்றன. உளி பிடித்தால் மனம் அமைதியாகும் என்கிறார்கள். நாள் முழுக்கக் கொட்டாப்புளியால் உளித்தலையைத் தட்டி, மாலையில் தோள்பட்டையைத் தேய்த்துக்கொள்ளும் சிற்பியிடம் போய் இதைச் சொல்ல வேண்டும். அவருக்குச் சாயங்காலத்தில் எது நிவாரணம்?

இந்தக் கேள்வி விளையாட்டுக்குக் கேட்டதல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே, கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் அன்றாடக் கூலிகள். பெண்களும் இருந்தார்கள். உடம்பு வலி தீரத்தான் குடிக்கிறோம் என்பது எங்கள் பகுதியில் தலைமுறைகளாகக் கேட்டுவரும் வாக்கியம். அந்த வாக்கியத்தைச் சற்று உற்றுப் பார்த்தால், மனிதவளத்துறை உபதேசத்தின் உடன்பிறப்பு அது என்பது தெரியும். வேலை உடம்பை முறிக்கிறது. மாலையில் ஒரு மருந்து. மறுநாள் மறுபடியும் வேலை. ஒருவருக்கு வண்ணப் பேனா, ஒருவருக்குப் பாக்கெட் சாராயம். முறிக்கிற வேலையைப் பற்றி இரண்டு இடத்திலும் பேச்சில்லை.

சாராயம் என்றதும் கல்வராயன் மலையைக் கைகாட்டுவது வழக்கமாகிவிட்டது. ஓடையோரத்து ஊறல்களைக் காவல்துறை அழிக்கும் படங்கள் நாளேடுகளில் வந்தபடி இருக்கின்றன. அந்த மலையின் மலையாளிப் பழங்குடியினர் ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டதே 1976-ல்தான். அதுவரை அவர்கள் கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தன் பகலே தனக்குச் சொந்தமில்லாதவனின் மாலை எப்படி இருந்திருக்கும் என்று இந்த மலையின் சரித்திரத்தை எழுதப்போகிறவர்கள் விசாரிக்க வேண்டும். இன்றும் சமவெளிக்கும் அண்டை மாநிலங்களுக்கும் மாதக்கணக்கில் கூலிக்கு இறங்கிப் போகிறவர்களுக்கு, 'ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்குங்கள்' என்ற சுவரொட்டியை எந்த முகத்தோடு காட்டுவது?

ஆக, உண்மையான வழக்கு நேரத்தைப் பற்றியது. 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியபோது அதன் பின்னால் நின்ற எட்டு மணி நேரக் கோரிக்கை, மீதி நேரம் தொழிலாளிக்கே சொந்தம் என்பதுதான். நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத்திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது; எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 என்றார். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் கேட்டார். 90 மணி நேரம் வாங்குகிறவனே அரை மணி நேரத்துக்கு வண்ணப் பேனாவும் வாங்கித் தருவான்.

நம் தொழிலையே எடுத்துக்கொள்வோம். வகுப்பு முடிந்த பிறகும் தர மதிப்பீட்டுக் கோப்புகளோடு இருட்டும்வரை உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர்! தொகுப்பூதியத்தில் காலம் தள்ளும் கௌரவ விரிவுரையாளர்கள் மாலையில் தனிப்பயிற்சிக்கும் ஓடுகிறார்கள். அவர்களில் நல்ல கவிஞர்கள் இருந்தார்கள். இருந்தார்கள் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இரவுப் பணி முடித்து வருகிற செவிலியர் கொஞ்சம் குரோஷா பின்னி ஆறுதல் அடைந்தால் உங்களுக்கென்ன, எல்லாரும் இமையம் ஆக வேண்டுமா? நியாயமான கேள்வி. ஆக வேண்டாம். அந்தச் செவிலியரின் மேல் நமக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பின்னுகிற குழந்தைச் சட்டையை நாம் மதிக்கிறோம். சொல்லப்போனால், அதை மதிக்காதவர்கள் எதிர்த்தரப்பினர்தான். சட்டை நன்றாக வந்திருக்கிறதா, கழுத்து சரியாக அமைந்ததா, எந்தப் பிள்ளைக்கு என்று கேட்காமல், 'ஸ்ட்ரெஸ் குறைந்ததா' என்று கேட்பவர்கள் அவர்கள். அவர் மூன்று வரிசையைப் பிரித்து மறுபடி பின்னுகிறாரே, அந்த நேரத்தில் அவர் களைப்பாறவில்லை. சரியாக வர வேண்டும் என்று பாடுபடுகிறார். கூத்தாடியும் நாவலாசிரியரும் அவரும் அந்த இடத்தில் ஒரே சாதி.

மதுக்கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிவரை இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூலக வரியும் வசூலாகிறது. ஆனால் நாம் அறிந்த கிளை நூலகங்கள் பல, கூலிக்காரர் பேருந்தைவிட்டு இறங்கும் நேரத்துக்குள் பூட்டப்பட்டுவிடுகின்றன. மாவட்டம் 2019-ல் பிறந்தது. அலுவலகக் கட்டடங்களுக்கு இடம் பார்த்தார்கள். கருணாபுரத்திலும் வெள்ளிமலையிலும் இரவு 10 மணிவரை விளக்கெரியும் ஒரு வாசிப்பறை, மத்தளம் பழகினால் அண்டை வீட்டார் சண்டைக்கு வராத ஒரு கொட்டகை – பயிற்சி முகாம்களில் நமக்கு வண்ணப் பேனா கொடுப்பவர்கள் இவற்றுக்காக எங்கேயாவது மனு எழுதியிருந்தால் நண்பர்கள் காட்டுங்கள், நாமும் கையெழுத்திடுகிறோம்.