தேய்மானக் கணக்கு

போன மாதம் டாக்டர் என் யூரின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ''புரோட்டீன் போகுதே'' என்றார்.

''பருப்பு நிறைய சாப்பிடுவேன் டாக்டர்'' என்றேன் பெருமையாக. மனுஷர் சிரிக்கவில்லை. பி.பி. பார்த்தார். 160/100. எனக்கு வயசு 36 ஸார்!

பி.காம். மண்டைக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னது இது. ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். பிறக்கும்போது கொடுத்ததுதான் கணக்கு. அப்புறம் ஒன்றுகூடப் புதுசாக முளைக்காது. தேய்மானம் உண்டு, புது மிஷின் கிடையாது! பி.பி.யோ சர்க்கரையோ ஒரு வடிகட்டியைப் புண்ணாக்கினால், உடம்பு அங்கே கொலாஜன் என்கிற நாரைக் கொண்டுவந்து பூசிவிடுகிறது. முழங்காலில் சிராய்ப்பு ஆறுகிற அதே டெக்னிக். முழங்காலில் தழும்பிருந்தால் நடக்கலாம். வடிகட்டியில் தழும்பு விழுந்தால் எதை வடிகட்டுவது?

மிச்சமிருப்பவை கதி இன்னும் மோசம். நான் முன்பு குப்பை கொட்டிய ஆபீஸில் நாலு பேர் வி.ஆர்.எஸ். வாங்கிப் போனதும், அத்தனை ஃபைலும் எங்கள் தலையில் விழுந்ததே... அதே கதை. ஓவர்டைம் பார்த்துப் பார்த்து அவையும் தழும்பேறிப் படுத்துவிடும். கிட்டத்தட்ட பாதி வேலை நின்றுபோகும் வரை ரத்தத்தில் கிரியேட்டினின் நார்மல் என்றே காட்டலாமாம். பேலன்ஸ் ஷீட் ஜோராக இருக்கும், கம்பெனி மூழ்கிக்கொண்டிருக்கும்!

''தழும்பைக் கரைக்க மாத்திரை இருக்கா டாக்டர்?''

''கிடையாது. பரவுற வேகத்தைக் குறைக்கலாம்.''

டெல்மிசார்ட்டன் எழுதினார். பி.பி. மாத்திரைதான், வடிகட்டிக்குள் இருக்கிற அழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்குமாம். டாப்பாக்ளிஃப்ளோசின் என்று இன்னொன்று. சர்க்கரைக்காக வந்தது. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் கிட்னி கெடுவதைத் தள்ளிப்போடுகிறது என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். எனக்கு அது தேவையா என்று அடுத்த டெஸ்ட்டில் தெரியும். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய்க்கு டாட்டா! எல்லாம் கைவிட்டால் டயாலிசிஸ், அல்லது மாற்றுக் கிட்னி. அந்தப் பேச்சை அவரும் வளர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது, ''பெயின் கில்லர் போடுவீங்களா?'' என்றார். பேசாமல் சட்டைப் பையிலிருந்த டைக்ளோஃபெனாக் அட்டையை மேஜையில் வைத்தேன். பத்தில் ஏழு காலி. மூணு வருஷமாக, கட்டுரை எழுத உட்கார்ந்தாலே தலைவலி. மெடிக்கல் ஷாப்பில் சீட்டே கேட்காமல் கொடுப்பார்கள். டாக்டர் அட்டையை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

இதை எழுதும்போதும் தலை விண்விண்ணென்கிறது. மனைவி சுக்கை இழைத்து நெற்றியில் பற்று போட்டிருக்கிறாள். வலி அப்படியே இருக்கிறது, எரிச்சல் எக்ஸ்ட்ரா. அடுத்த டெஸ்ட் 14-ம் தேதி.