நின்று நின்று ஓடும் அம்பாசிடர்... வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா?

வண்டி வாகனம்: கேள்வி-பதில்

''எங்கள் அப்பா 1991-ல் வாங்கிய டீசல் அம்பாசிடர் இன்னும் வீட்டில் இருக்கிறது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது மாதம் ஒரு தடவையாவது வழியில் நின்றுவிடுகிறது. 'காயலான் கடைக்குப் போட்டுவிடலாம்' என்கிறான் தம்பி. அம்மாவுக்கு மனசே இல்லை, எனக்கும்தான். ஆனால், அம்மாவை மாதம் இரண்டு முறை 40 கி.மீ தூரத்தில் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?''

- ஒரு வாசகர், செய்யாறு.

இதே போன்ற கேள்வி நமக்கு அடிக்கடி வருகிறது. சிலருக்கு ஜீப், சிலருக்குப் பழைய டிராக்டர். வண்டிதான் வேறு, மனசு ஒன்றுதான்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி நிற்பது வேறு, ஆயுள் முடிவது வேறு. கிணற்றுமேட்டில் இருந்த பழைய ஆயில் இன்ஜினை நினைத்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை மக்கர் செய்யும். ஏர் எடுத்து, நாசிலைத் துடைத்துப் போட்டால் மறுபடி தண்ணீர் இறைக்கும். அப்படியே முப்பது வருடம் ஓடியிருக்கும். அம்பாசிடரும் அந்த ஜாதிதான்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஒட்டி உருவானது இந்த வண்டி. 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாரா ஆலையில் தயாரானது. ஐம்பது வருடத்துக்கு மேல் உருவம் பெரிதாக மாறவில்லை. அதனால் பழைய வண்டியில் கழற்றிய பாகம் பலவும் இன்னொரு வண்டிக்குப் பொருந்தும். உங்கள் வண்டியில் கம்ப்யூட்டர் பெட்டி கிடையாது. இன்ஜினை இறக்கி, போர் அடித்து, ரிங் மாற்றிக் கொடுக்க நம் ஊர்ப் பக்கம் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. சின்னச் சின்னதாகக் கெட்டுப்போகும். கெட்டதைக் கையால் சரிசெய்ய முடியும். இப்படிச் சரிசெய்ய முடிவதால்தான் அது இத்தனை வருடம் தாங்குகிறது.

பாசமும் அதனால்தான் வருகிறது. நோய்ப்பட்டுப் படுத்த மாட்டை ராத்திரியெல்லாம் கண்விழித்து எழுப்பிவிட்டால், அந்த மாட்டின் மேல் தனிப் பிரியம் வந்துவிடும் இல்லையா? அதைப் போலத்தான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆனால், ஒன்று யோசித்துப் பாருங்கள். அப்பா இருந்தபோதும் மாதம் ஒருமுறை நின்றதா? பெரும்பாலும் நின்றிருக்காது. காலையில் பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியைப் பார்ப்பது, ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பது, டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவது, முன்சக்கரப் பக்கம் உள்ள நிப்பிள்களில் கிரீஸ் அடிப்பது... இதையெல்லாம் அவர் சொல்லாமல் செய்துகொண்டிருந்திருப்பார். வண்டியின் ஆயுளில் பாதி இரும்பில் இருந்தது, மீதிப் பாதி அவர் கையில் இருந்தது. வண்டியை வைத்துக்கொள்வதென்றால், அந்த வேலையையும் சேர்த்து யாராவது ஒருவர் ஏற்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஒருவர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அடுத்தது, வண்டியின் உண்மையான ஆயுளைச் சோதிப்பது. இன்ஜின், கியர்பாக்ஸ் எதுவானாலும் மாற்றிவிடலாம். ஆனால், லாரிக்கும் ஜீப்புக்கும் உள்ளதுபோல அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தகட்டுக் கூடுதான் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. அதனால் வண்டியை மேடையில் ஏற்றி, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, உள்ளே மிதியடிக்குக் கீழே உள்ள தரை, பின்பக்கப் பட்டைகள் மாட்டியிருக்கும் இடம் மூன்றையும் ஸ்குரு டிரைவரால் குத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. ஓரிரு இடத்தில் மட்டும் துரு என்றால், வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். பட்டை மாட்டும் இடத்திலேயே பொலபொலவென உதிர்ந்தால், அதற்கு மேல் செலவு செய்யாதீர்கள். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் துரு மறையும், போகாது.

தகடு நன்றாக இருந்தால், மாதம் ஒருமுறை நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சில்லறை விஷயமாகத்தான் இருக்கும். டீசல் டியூப் எங்காவது வெடித்துக் காற்று இழுக்கிறதா, டேங்கின் அடியில் கசடு தேங்கியிருக்கிறதா, ஹீட்டர் பிளக் நான்கும் சூடாகின்றனவா, பேட்டரியின் எர்த் ஒயர் இறுக்கமாக இருக்கிறதா, ஃபேன் பெல்ட்டும் ரேடியேட்டர் ஹோஸும் விறைத்துப்போய் இருக்கின்றனவா என்று வரிசையாகப் பாருங்கள். நிற்கும்போதெல்லாம் ஒன்றை மாற்றாமல், ஒரே தடவையில் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். பிரேக் ஆயில் கசிவை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இனி அம்மா விஷயம். இதில் பாசத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். வண்டி சரியாகும் வரை மருத்துவமனைக்கு இந்தக் காரை நம்ப வேண்டாம். தேதி முன்கூட்டியே தெரியும் என்பதால், ஊரில் ஒரு வாடகைக் காரை மாதம் இரண்டு நாளுக்குப் பேசி வையுங்கள். அவசரம் என்றால் 108. வண்டியைச் சரிசெய்த பிறகும் ஆறு மாதம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எந்தத் தேதியில் நின்றது, ஏன் நின்றது, எவ்வளவு செலவு. ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வராமல் இருந்தால் அம்மாவை ஏற்றுங்கள். அப்போதும் பகல் பயணம் மட்டும் போதும். அந்தக் காலத்து வண்டியில் ஏர்பேக் கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

பேப்பர் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆர்.சி இன்னும் அப்பா பெயரில் இருந்தால், உடனே படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். உரிமையாளர் இறந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. சொந்த உபயோகக் காருக்கு முதல் 15 வருடத்துக்குப் பிறகு, 5 வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டி ஆர்.சி-யைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. பசுமை வரி தனி. 'டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான்' என்று யாராவது பயமுறுத்தினால், அந்தப் பேச்சு டெல்லிப் பகுதியைச் சேர்ந்தது என்று சொல்லுங்கள்.

மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் தெருமுனை வரைகூட எடுக்காதீர்கள். யார்மீதாவது மோதினால், நஷ்டஈடு உங்கள் தலையில்தான் விழும். அதைக் கட்ட நிலத்தை விற்கும் நிலைகூட வரலாம்.

தகடு போய்விட்டது, விற்பதுதான் வழி என்றால், காயலான் கடையில் அப்படியே தள்ளிவிட வேண்டாம். அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, ஆர்.சி-யை ரத்து செய்யுங்கள். ரத்தாகாத ஆர்.சி-யோடு போன வண்டி நாளை எங்காவது வழக்கில் சிக்கினால், போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

ஆக, தகடு கெட்டியாக இருந்து, பானெட்டைத் திறக்க வீட்டில் ஓர் ஆளும் இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், நல்லபடியாக அனுப்பி வையுங்கள். தார்ப்பாயைப் போர்த்தி மரத்தடியில் மக்கவிடுவது மட்டும் அப்பாவுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

''கொட்டகையில் நிற்கும் பழைய காரில் எலி ஒயரைக் கடித்துவிடுகிறது. வழி உண்டா?''

- ஒரு வாசகி, அரூர்.

தவிடு, புண்ணாக்கு, நெல் மூட்டைகளைக் காருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ராத்திரியில் பானெட்டைத் திறந்தே வையுங்கள். வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். வாரம் ஒருமுறை இருபது நிமிடம் வண்டியை ஓட்டுங்கள். நாள்கணக்கில் ஓட்டாமல் விடுவதாக இருந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். கடிபட்ட ஒயர் உரசித் தீப்பிடிக்கும் ஆபத்து குறையும். இன்ஜினுக்குள் விஷ மருந்து மட்டும் வைக்க வேண்டாம். எலி உள்ளேயே செத்துக் கிடந்தால், அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு.