எண்ணிப் பார்த்தனரா?

தம்பி! அமெரிக்க நாட்டு நெப்ராஸ்கா மாநிலத்திலே, மீட் எனும் சிற்றூருக்கு அருகே, அம்மாநிலப் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. கோடையிலே பள்ளி மாணவர்கள் குழுக் குழுவாக அங்கே கூடுகின்றனர். பந்தாட அல்ல, பயிரைப் படிக்க! மக்காச்சோளம் எந்த வளர்ச்சிப் பருவத்தில் நிற்கிறது, இது எந்தக் களை, இலையிலே தெரிவது நோயா, பூச்சி கடித்த வடுவா, களைக்கொல்லி பட்ட கருகலா? வயலிலே நின்று விடை கூற வேண்டும். மதிப்பெண் உண்டு, பரிசும் உண்டு. அயோவாவிலும் இண்டியானாவிலும் இத்தகைய போட்டிகள் நடந்திருக்கின்றன.

இதைக் கூறினால் மேதாவிகள் நகைக்கின்றனர். "புழு எண்ணவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம்?" என்கின்றனர்.

எண்ணுவது இழிவா, தம்பி? சோயாச் செடியைத் தாக்கும் அசுவினிப் பூச்சி, ஆசியாவிலிருந்து சென்று, 2000-ஆம் ஆண்டு விஸ்கான்சினிலே கண்டறியப்பட்டது. அதற்கு அவர்கள் வகுத்த கணக்கைக் கேள். செடி ஒன்றுக்குச் சராசரி 250 பூச்சிகள். நூற்றுக்கு 80 செடிகளுக்கு மேல் பரவியிருக்க வேண்டும். தொகை ஏறுமுகமாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் மருந்து! அதற்கு முன்பே தெளித்தால் செலவு உழவனுக்கு, லாபம் கடைக்கு. போதாக்குறைக்கு, அசுவினியைத் தின்று கூலியின்றி உழைக்கும் பொறிவண்டும் மடியும்.

இன்னொன்று. மக்காச்சோளத்தின் அடியிலை மஞ்சளாகிறது. நுனியிலே தொடங்கி நடுநரம்பு வழியே மஞ்சள் ஓடினால், தழைச்சத்துக் குறைவு. ஓரம் மட்டும் மஞ்சளித்துக் காய்ந்தால், சாம்பல்சத்துக் குறைவு. இதைக் கற்ற பதினைந்து வயதுப் பெண் உரத்தைக் கேட்பாள். கல்லாத பெரியவர், இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவார்.

"என்னய்யா இது?"

"நோய்தான் பெரியவரே! இதிலே ஒரு புட்டி, அதிலே ஒரு புட்டி!"

நோய் கண்டவரும் அவரே, மருந்து விற்பவரும் அவரே, கடன் கணக்கு எழுதுபவரும் அவரே! நாடகத்திலே மூன்று வேடத்தையும் ஒரே நடிகருக்குத் தந்தால் நீ கூச்சலிடுவாய். வயலிலே மட்டும் வாய்மூடி நிற்கிறாய். கடைக்காரரை நான் ஏசவில்லை. அவர் செய்வது வியாபாரம். பார்த்துச் சொல்ல வேறு ஆளை நாம் உருவாக்கவில்லையே, அதுதான் குற்றம்.

அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு, 2018-ஆம் ஆண்டு கர்நாடகத்திலே கண்டறியப்பட்டது; அதே ஆண்டு நமது மக்காச்சோளத்திலும் புகுந்தது. தலையிலே தலைகீழான 'ஒய்' எழுத்து, வால்புறத்திலே சதுரமாக நான்கு புள்ளிகள். இதை அடையாளம் காணப் பட்டமா வேண்டும்? இளம்புழு இலையைச் சுரண்டும்போதே கண்டால் பயிர் பிழைக்கும். வளர்ந்து குருத்துக்குள் புகுந்து, தன் கழிவாலேயே வாயிலை அடைத்துக்கொண்ட பிறகு, மேலே எதைத் தெளித்து என்ன பயன்?

வினாத்தாள் வகுக்கக் கோவையிலே வேளாண் பல்கலைக் கழகம் இருக்கிறது. பள்ளிக்குப் பக்கத்திலேயே வயல் இருக்கிறது. கண்ணுள்ள பிள்ளைகள் ஆயிரமாயிரம் இருக்கின்றனர். மாவட்டந்தோறும் ஆண்டுக்கு ஒருநாள் இப்போட்டியை ஏன் நடத்தக் கூடாது என்று, அடுத்த கிராம சபையிலே எழுந்து கேள், தம்பி! பதிலை எழுத்திலே வாங்கி வா.