விளையாட்டுக் கணினியும் மாணவர் சிக்கனமும்

மக்கள் வாழ்விற்கு உழைப்பு எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது விளையாட்டு. தாயமும் பல்லாங்குழியும் சதுரங்கமும் நம் முன்னோர் திண்ணைகளை நிறைத்தன. இந்நாள் இளைஞர்க்கோ அத்திண்ணை கணினித் திரையாய் மாறிற்று. இதனை முற்றும் இழித்துரைப்பாரும் உளர். இதிலேயே முற்றும் மூழ்கிக் கிடப்பாரும் உளர். இவ்விரு சாராரோடும் வழக்காடுதல் ஈண்டு எம் நோக்கமன்று. கையிற் பொருள் சுருங்கிய மாணவன் ஒருவன் விளையாட்டிற்குரிய கணினியொன்றை முதன்முறை பெற விரும்பின், அதனை எவ்வாறு பெறுதல் தகும் என்பதே யாம் ஆராயப் புகுந்த பொருள். கடன்படாது, உறுப்பு உறுப்பாகத் தேர்ந்து வாங்கி, தன் கையாலேயே பூட்டிக்கொள்ளுதலே தக்கது என்பது எம் துணிபு.

‘விளையாட்டிற்கு இத்துணைப் பணமா?’ என்று பெரியோர் வினவுதல் இயல்பே. அவ்வினாவை யாம் இகழவில்லை. ஆயினும், கணினி விளையாட்டனைத்தும் சுடுதலும் வெட்டுதலுமே என்று கருதுதல் பிழை. 2023-ஆம் ஆண்டில் கனடா நாட்டினின்று வெளிவந்த ‘வெண்பா’ என்னும் விளையாட்டு, அந்நாட்டிற் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் கதையை அக்குடும்பத்துத் தாயின் சமையல் வாயிலாக விளக்குவது. 2024-ஆம் ஆண்டில், முதற் படைப்புக்கென அளிக்கப்பெறும் பாஃப்டா பரிசினை அது பெற்றது. தமிழ்த் தாயொருத்தியின் துயரையும் பரிவையும் காட்டும் அத்தகைய படைப்பைத் தமிழ் பயிலும் மாணவன் அறிந்துகொள்ளுதல் குற்றமாகுமோ? அதற்குப் பெருவிலைக் கணினியும் வேண்டுவதில்லை.

கணினியைத் தானே பூட்டிக்கொள்ளல் எங்ஙனம் இயலும் எனின், கூறுதும். 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட தனியாள் கணினியின் அமைப்பு, பிறரும் உறுப்புக்கள் செய்து இணைத்தற்கு இடந்தருவதாயிருந்தது. 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையால், ஒருவர் செய்த மதர்போர்டு மற்றொருவர் செய்த கேபினட்டிற் பொருந்தலாயிற்று. ஆகவே, சென்னை ரிச்சி தெருவிற் கடைதோறும் ஏறி இறங்கி விலை கேட்டு, வெவ்வேறிடத்துப் பிறந்த உறுப்புக்களை ஒன்றாய்க் கூட்டுதல் எவர்க்கும் எளிதாயிற்று. ஓர் உறுப்புப் பழுதுறின் அதனை மட்டும் மாற்றலாம். முழுவதையும் எறிதல் வேண்டா. சிறுபொருள் உடையார்க்கு இதனினும் பெருநன்மை யாது?

கோபுரம் கட்டப் புகுவோன் முதற்கண் அமர்ந்து செலவை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்னும் பொருள்பட நம் ஆண்டவர் கூறிய உவமை லூக்கா நற்செய்தியிற் காணப்படுவது. கணினி கட்டுவார்க்கும் அதுவே முதற் பாடம். எண்ணத் தொடங்குமிடம் திரை. 1920-க்கு 1080 என்னும் அளவுடைய திரையில் 20,73,600 புள்ளிகள் உள. நான்கு கே என வழங்கும் 3840-க்கு 2160 அளவுத் திரையிலோ 82,94,400 புள்ளிகள். நொடிக்கு 60 படம் வேண்டுமெனின், இத்தனை புள்ளிகளையும் நொடிதோறும் 60 முறை கணித்துத் தீட்டல் வேண்டும். திரையை நான்மடங்காக்கினால் கிராபிக்ஸ் கார்டின் சுமையும் ஏறக்குறைய அவ்வளவு பெருகும். விலையும் உடன் ஏறும். முதற் கணினிக்கு முன்னைய அளவே சாலும்.

அடுத்து, ஒரே நாளில் அனைத்தும் வேண்டும் என்னும் அவாவை ஒழித்தல் வேண்டும். முதற் படியிற் கிராபிக்ஸ் கார்டே வாங்காதிருத்தல் கூடும். ஏ.எம்.டி. நிறுவனத்தார் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸர்களில் படந்தீட்டும் பகுதியும் உள்ளேயே அமைந்துள்ளது. அப்பகுதி பொது நினைவகத்தையே கடன்கொண்டு வேலை செய்வதாகலின், 16 ஜி.பி. ரேம் ஒன்று பூட்டுதலினும் 8 ஜி.பி. ரேம் இரண்டு பூட்டுதல் நன்று. டி.டி.ஆர்.4-3200 வகையில் ஒரு வழியே நொடிக்கு 25.6 ஜி.பி. செல்லுமாயின், இருவழியே 51.2 ஜி.பி. செல்லும். எளிய விளையாட்டுக்களுக்கு இது போதும். பின்னர்ப் பணம் சேர்ந்துழி, ஆர்.எக்ஸ். 6600 போன்றதொரு கார்டினை அதே மதர்போர்டிற் செருகிக்கொள்ளலாம்.

விலையை எண்ணுங்கால் பழைய பட்டியலை நம்புதல் ஆகாது. 2025-ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவை மிகுதியால் நினைவகத்தின் விலை பெரிதும் ஏறிற்று. நூறு ரூபாய்ப் பண்டத்திற்குப் பதினெட்டு ரூபாய் வரி உண்டென்பதையும் மறத்தலாகாது. பில் இன்றி வாங்கின் குறையும் என்பார் சொற்கேட்டு வாங்குவோர், பழுது நேர்ந்த நாளிற் கியாரண்டி கோரமாட்டாது நிற்பர்.

ஈண்டு எம் பிழையொன்றையும் ஒளியாது உரைக்கின்றோம். யாம் முதலில் எழுதிய பட்டியலில், கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்கெரியும் விசிறிகளும் உடைய கேபினட் ஒன்று இடம்பெற்றது. அதனால் மிகுந்த செலவை ஈடுசெய்யப் பெயரறியா எஸ்.எம்.பி.எஸ். ஒன்றினைத் தேர்ந்திருந்தோம். மூத்த மாணவர் ஒருவர் அப்பட்டியலை நோக்கி நகைத்து, ‘தம்பி, வாசலுக்குத் தோரணம் கட்டிவிட்டு அடித்தளத்தை மண்ணால் எழுப்புகின்றாயே’ என்றார். எல்லா உறுப்புக்கும் மின்னூட்டுவது அஃதொன்றே; அது கெடின் தன்னொடு பிறவற்றையும் கெடுக்கும். மேற்கூறிய பிராசஸருக்கு 65 வாட்டும் கார்டுக்கு 132 வாட்டும் வகுத்துள்ளனர். பிறவற்றையும் கூட்டி, எதிர்பாரா ஏற்றத்திற்கும் இடம்விட்டால், தரமான 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். போதுமானது. ‘80 பிளஸ்’ என்னும் முத்திரை மின்சாரம் வீணாகாமையைக் குறிப்பதன்றிப் பாதுகாப்பிற்கு முழுச் சான்றாகாது. அன்று விளக்குகளை நீக்கினோம். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

பழைய கார்டு வாங்கலாமோ எனின், வாங்கலாம். ஆனால் ஆராய்ந்து வாங்குக. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் எதேரியம் என்னும் மின்பணம் தன் முறையை மாற்றிக்கொள்ளவே, அதனை ஈட்ட இரவும் பகலும் உழைத்த கார்டுகள் பல சந்தைக்கு வந்தன. விற்பவர் முன்னிலையிலேயே அரைமணி நேரம் கடுமையான விளையாட்டொன்றை ஓட்டி, திரை சிதறாமையும் விசிறி முனகாமையும் கண்டு கொள்வதே முறை. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் பழையது வேண்டவே வேண்டா.

இனி, மாணவருள் பலர் இயல்பெனக் கருதும் குற்றமொன்று உண்டு. உறுப்புக்கெல்லாம் பணம் செலுத்தியவர், விண்டோஸையும் விளையாட்டுக்களையும் திருட்டு நகலாய்ப் பெற்றுக்கொள்கின்றனர். கடைக்காரனிடம் ஒரு திருகாணியைத் திருட நாணும் நாம், பலர் ஈராண்டு மூவாண்டு உழைத்த உழைப்பைத் திருட நாணாமை என்னை? லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது. 2018-ஆம் ஆண்டில் வந்த புரோட்டான் என்னும் கருவியால் விண்டோஸுக்கென எழுதிய விளையாட்டுக்கள் பல அதில் ஓடுகின்றன. ஓடாதனவும் உள, அவற்றைப் பொருள் சேரும்வரை விட்டிருத்தலே நேர்மை.

பூட்டும் வேலையைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. பிராசஸரின் மூலையிலுள்ள சிறு முக்கோணத்தை மதர்போர்டிலுள்ள குறியோடு பொருத்தின் அது தானே அமரும், வலிந்து அழுத்தலாகாது. ரேமையோ, கொளுவி ஒலிக்குமளவும் அழுத்தல் வேண்டும். யாம் அவ்வாறு அழுத்தாமையால், முதன்முறை பொத்தானை அழுத்தியபோது விசிறி சுழன்றதேயன்றித் திரை விளங்கவில்லை. வாங்கிய பொருளனைத்தும் பாழாயிற்றோ என நெஞ்சு நடுங்கிற்று. ரேமைக் கழற்றி மீண்டும் அழுத்தினோம், திரை ஒளிர்ந்தது. ஆயத்தமாய் வாங்கியிருப்பின் அந்நடுக்கமும் இல்லை. அதன்பின் எய்திய அறிவும் இல்லை. இன்று எவ்வுறுப்பு யாது செய்யும் என்பதனை யாம் அறிவோம்.

கடனும் மாதத் தவணையும் பெற்று விலையுயர்ந்த கணினி வாங்குவார் பலர். அவர் விளையாடும் ஒவ்வொரு நாழிகையும் வட்டியோடு கூடியது. ஊரிலிருந்து பெற்றோர் அனுப்பும் பணம் கல்விக்கென அனுப்பப்படுவது. அதனைத் தொடாமல், பரிசுப் பணமும் விடுமுறை ஊதியமும் கொண்டு சிறிது சிறிதாய்க் கட்டிய கணினியே நம்முடையது என்று சொல்லத்தக்கது. எண்ணாது தொடங்கி இடையில் நின்ற கோபுரத்தைக் கண்டோர் நகைப்பர். எண்ணித் தொடங்கி, தாழ்வாயினும் முற்றுப்பெற்ற சிறு வீட்டிலோ விளக்கெரியும். மாணவ நண்பர்காள், அவ்விளக்கின் ஒளியில் சிறிது விளையாடுவோம். பின்னர் அதனை அணைத்துப் பாடநூலை விரிப்போம்.