எலிக்கு இருந்த கமிட்டி

‘எத்தனை முட்டை எடுத்தாங்க?’ கருத்தரிப்பு மையங்களின் வராந்தாவில் பெண்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. இருபது என்று சொன்னால் ஃபர்ஸ்ட் கிளாஸில் பாஸான மாதிரி ஒரு சந்தோஷம்! அந்த இருபதுக்குப் பின்னால் இருக்கும் ஆபத்தை யாராவது சொன்னார்களா?

பெண்ணின் உடல் மாதத்துக்குப் பொதுவாக ஒரே ஒரு கருமுட்டையைத்தான் வெளியிடும். ஹார்மோன் ஊசி போட்டு ஒரே நேரத்தில் பலவற்றை வளர்க்கிறோம். சிலருக்கு, குறிப்பாக சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்னை உள்ள இளம் பெண்களுக்கு, இது அளவு மீறிப் போகும். சினைப்பை வீங்கும். ரத்தக்குழாய்கள் கசிந்து வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். முற்றினால் மூச்சுத் திணறும், ரத்தம் உறையும். அரிதாக உயிரே போகும்.

இதை ஆராய, எலிகளுக்கு ஹார்மோன் ஏற்றி வேண்டுமென்றே இந்த நோயை வரவழைத்தார்கள். இத்தனைக்கும் ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை விடுவது எலிக்கு சகஜம். அதுவே தாங்கவில்லை. ‘வி.இ.ஜி.எஃப்.’ என்ற புரதம் எப்படி ரத்தக்குழாயைக் கசிய வைக்கிறது என்பதை ஸ்பெயின் ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டார்கள். வேறு நோய்க்குப் புழக்கத்தில் இருந்த கேபர்கோலின் மாத்திரை அதைக் குறைக்கிறது என்று 2006-ல் எழுதினார்கள். அடுத்த வருடமே, கருமுட்டை தானம் தந்த பெண்களிடமும் அது பலன் தந்தது என்று முடிவு வெளியானது. இன்று கடைசி ஊசியை மாற்றிப் போடலாம்; கருவை உடனே வைக்காமல் உறையவைத்து, உடல் தேறியபின் வைக்கலாம். பெருமளவு தவிர்க்கக்கூடிய ஆபத்துதான் இது.

இப்போது ஒரு கணக்கு. இந்தியாவில் ஓர் எலியை ஆய்வுக்கு எடுக்கக் கமிட்டியின் அனுமதி வேண்டும். 1998-லேயே விதி வந்துவிட்டது. கருத்தரிப்பு மையங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்ததோ 2021-ல். எலிக்கு இருந்த பாதுகாப்பு பெண்ணுக்கு வர 23 வருடம்!

தாமதமாக வந்தாலும், பக்கவிளைவுகளையும் ஆபத்தையும் விளக்கிச் சொல்வது மையத்தின் கடமை என்கிறது அந்தச் சட்டம். தானம் தருபவர் வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால், பல பக்கத் தாளை நீட்டி, ‘இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா’ என்பதா விளக்கம்?

எனவே, கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். எனக்கு இந்த ஆபத்து எவ்வளவு? தடுக்க என்ன செய்வீர்கள்? ராத்திரி வயிறு உப்பி மூச்சு வாங்கினால் எந்த நம்பருக்கு போன் பண்ணணும்? பதில் சொல்ல நேரமில்லாத டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்ள உங்களுக்கும் நேரமில்லை என்று எழுந்து வந்துவிடுங்கள்.