படுவான்கரைப் பாடசாலைகளுக்குப் பொறுப்புக்கூறுவது யார்?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும், எந்த மாகாணம் எத்தனையாம் இடம், எந்த வலயம் எத்தனையாம் இடம் என்ற கணக்கே முதலில் பேசுபொருளாகின்றது. முன்னேறிய வலயங்களில் பதாகைகள் எழுகின்றன. பின்தங்கிய வலயங்களின் பணிப்பாளர்களிடம் விளக்கம் கோரப்படுகின்றது. சில வாரங்களில் எல்லாம் அடங்கிவிடுகின்றது. 2024ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையில் நாடளாவிய ரீதியில் 73.45 வீதமானோர் உயர்தரம் கற்கத் தகுதிபெற்றிருந்தனர். கிழக்கு மாகாணம் அந்தச் சராசரிக்குச் சற்று மேலேயே நின்றது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால், மாகாணத்தின் சராசரி மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள பிள்ளைகளின் நிலையைச் சொல்வதில்லை.

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. மட்டக்களப்பு, கல்குடா, பட்டிருப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு என்பனவே அவை. இவற்றுள் மட்டக்களப்பு மேற்கு வலயம் மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, ஏறாவூர்ப்பற்று மேற்கு ஆகிய மூன்று கோட்டங்களை உள்ளடக்கியது. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, கரடியனாறு என்று சொன்னால் வாசகர்களுக்கு இன்னும் எளிதாக விளங்கும். வயலும் மாடும் சேனைப் பயிரும் வாழ்வாதாரமாகவுள்ள பிரதேசம். 2007 வரை நீடித்த போரின் கொடுமைகளை முழுமையாகச் சுமந்த பிரதேசம். இன்று துப்பாக்கிகள் ஓய்ந்துவிட்டாலும், எல்லைப்புறக் கிராமங்களில் அதிகாலையில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் தாய் யானைக்கு அஞ்ச வேண்டியிருக்கின்றது.

மேலைநாடுகள் சிலவற்றில் ஒரு சிறிய பிரதேசத்தின் அரச பாடசாலைகளை நிர்வகிக்க மக்களால் தெரிவுசெய்யப்பட்ட சபையொன்று இருக்கும். வரவு செலவை அது பகிரங்கமாக விவாதிக்கும். பெறுபேறு வீழ்ந்தால் அடுத்த தேர்தலில் அதற்குப் பதில் சொல்லும். எமது கல்வி வலயம் அத்தகையதன்று. அது முழுக்க முழுக்க ஒரு நிர்வாக அலகு. அதிபருக்கு மேல் கோட்டக் கல்விப் பணிப்பாளர், அவருக்கு மேல் வலயக் கல்விப் பணிப்பாளர், அவருக்கு மேல் மாகாணக் கல்விப் பணிப்பாளர், அவருக்கும் மேல் மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளர் என்று நீளும் ஏணியில் மக்களால் தெரிவுசெய்யப்பட்டவர் நிற்கக்கூடிய ஒரே படி மாகாணக் கல்வி அமைச்சர் பதவிதான். 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தந்த அந்தப் படியும் கிழக்கில் வெறுமையாகிப் போனது. 2008இல் முதன்முதலாகத் தெரிவான கிழக்கு மாகாண சபை, அதற்கடுத்த சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்ததோடு கலைந்தது. எட்டு ஆண்டுகள் கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட ஆளுநர்களின் கீழ், ஒரு பிள்ளை முதலாந் தரத்தில் சேர்ந்து இடைநிலைக் கல்விக்கு வந்துசேரும் காலம் முழுவதும் கழிந்திருக்கின்றது. ஆளுநர்கள் நல்லவர்களா, அல்லாதவர்களா என்பதன்று இங்கு கேள்வி. கொக்கட்டிச்சோலையின் பெற்றோர் ஒருவர் தமது வாக்கினால் விசாரிக்கக்கூடிய எவரும் இந்தக் கட்டமைப்பில் இல்லை என்பதே எமது கவலையாகும்.

இத்தகைய நிலையில் வலயக் கல்விப் பணிப்பாளரைக் குறைகூறுவது சுலபம். வலயத்துக்குள் இருக்கின்ற ஆசிரியர்களைச் சமப்படுத்தும் வேலை அவருடையது. இல்லாத ஆசிரியரை உருவாக்க அவரால் முடியாது. நியமனமும் வலயங்களுக்கிடையிலான இடமாற்றமும் அவரது கைக்கு அப்பாற்பட்டவை. தேசிய பாடசாலைகளோ மாகாணத்துக்கும் அப்பால் பத்தரமுல்லை இசுருபாயவிலிருந்து நேரடியாக நிர்வகிக்கப்படுகின்றன. 1,000 தேசிய பாடசாலைகள் என்ற திட்டம் 2020இன் பின்னர் முன்வைக்கப்பட்டபோது, பெயர்ப்பலகை மாறுவதைப் பல ஊர்கள் வரவேற்றன. தம் ஊர்ப் பாடசாலை மீது மாகாணத்துக்கு இருந்த அதிகாரம் அதனோடு கைமாறுகின்றது என்பதைக் கவனித்தவர்கள் சிலரே.

நிதி விடயமும் இதைப்போன்றதே. திறைசேரியிலிருந்து நிதி ஆணைக்குழுவின் சிபாரிசுடன் மாகாணங்களுக்கு வரும் பணத்தில் மீண்டெழும் செலவுக்கான நன்கொடையின் பெரும்பகுதி சம்பளத்திலேயே கரைந்துவிடுகின்றது. சம்பளம் ஆசிரியரோடு செல்வது. ஆகவே, அனுபவமும் தகைமையும் மிக்க ஆசிரியர்கள் நகரப் பாடசாலைகளில் திரண்டிருக்குமிடத்து அரசாங்கத்தின் பணமும் அங்கேயே திரள்கின்றது. எவரும் திட்டமிட்டுப் பாரபட்சம் காட்ட வேண்டியதில்லை. அது தானாகவே நிகழ்ந்துவிடும். எஞ்சும் அபிவிருத்தி நன்கொடையும் கற்றலுக்கான தர உள்ளீட்டு நிதியும் சொற்பமானவை. அவற்றின் குறையை நகரப் பாடசாலைகளில் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் நிரப்புகின்றன. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளைகள் கொண்ட பழைய மாணவர் சங்கம் வகுப்பறைத் தொகுதியையே கட்டிக் கொடுக்கும். கூலி விவசாயிகளைப் பெற்றோராகக் கொண்ட பாடசாலையின் அபிவிருத்திச் சங்கம் மலசலகூடத்தின் கதவைத் திருத்துவதற்கே கூட்டம் கூட்ட வேண்டியிருக்கும். இரண்டுமே இலவசக் கல்விப் பாடசாலைகள்தான். 1945இல் கன்னங்கரா அவர்கள் முன்னின்று நிறைவேற்றிய இலவசக் கல்வி, கட்டணத்தை ஒழித்தது. பாடசாலைகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வை ஒழிக்க அதனால் முடியவில்லை.

கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் ஒதுக்கப்பட வேண்டும் என்று பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012இல் மாதக்கணக்கில் போராடினார்கள். அண்மைய ஆண்டுகளின் ஒதுக்கீடு அதனை நெருங்கவேயில்லை. 6 வீதம் கிடைத்தாலும், அது பகிர்ந்தளிக்கப்படும் முறை மாறாவிடில் படுவான்கரைக்கு வந்துசேர்வது எவ்வளவு என்று கேட்கவேண்டியே இருக்கும்.

ஆசிரியர் பற்றாக்குறை என்ற சொல்லையும் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். நாடு முழுவதையும் ஒன்றாகக் கணித்தால் ஏறத்தாழ 18 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் உள்ளார். காகிதத்தில் இது செல்வந்த நாடுகளுக்கு ஒப்பான விகிதம். பற்றாக்குறை பாடத்திலும் இடத்திலுமே உள்ளது. தாழங்குடாவில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கின்றது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதோடு வாவியைக் கடப்பதும் எளிதாயிற்று. ஆனால், பாலம் இரு பக்கமும் செல்வதற்கானது. காலையில் மோட்டார் சைக்கிளில் வரும் ஆசிரியர் பிற்பகலில் எழுவான்கரைக்குத் திரும்பிவிடுகின்றார். கஷ்டப் பிரதேசத்தில் கட்டாய சேவைக்காலம் முடிந்த மறுநாளே இடமாற்றக் கடிதத்தை எதிர்பார்க்கின்றார். அவரைக் குறைகூறுவதற்கில்லை, தங்குவதற்கு விடுதி இல்லை, கொடுப்பனவோ எரிபொருளுக்கே போதாது. இருந்தும், தங்கியிருந்து கற்பிக்கும் ஆசிரியர்கள் இப்பிரதேசத்தில் இருக்கின்றார்கள். எந்தப் பட்டியலும் அவர்களைக் கணக்கிடுவதில்லை.

பெறுபேறுகளின் தரவரிசையில் மறைந்துபோகும் இன்னொரு விடயமும் உண்டு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் கிராமத்துப் பாடசாலையொன்று நல்ல பெறுபேற்றைக் காட்டினால், அந்தப் பிள்ளை நகரத்துத் தேசிய பாடசாலைக்குச் சென்றுவிடுகின்றது. அப்பிள்ளை ஆறு ஆண்டுகளின் பின்னர் பெறும் ஒன்பது ஏ சித்திகள் நகர வலயத்தின் கணக்கில் சேர்கின்றன. ஆரம்ப வகுப்புகளில் நன்றாகக் கற்பிக்கும் வலயம் அதனாலேயே சாதாரண தரத்தில் பின்தங்குகின்றது. இதனைக் கழித்துப் பார்க்காமல் ஒரு வலயத்தைக் கடைசி என்று முத்திரை குத்துவது நியாயமாகாது.

பல்கலைக்கழக அனுமதியிலும் இதே அநீதி வேறு உருவில் நிகழ்கின்றது. மாவட்ட ஒதுக்கீடு 55 வீதம். பின்தங்கிய மாவட்டங்கள் பதினாறுக்கென மேலதிகமாக 5 வீதம். மட்டக்களப்பும் அப்பதினாறில் ஒன்று. ஆயினும் ஒதுக்கீட்டின் அலகு மாவட்டமே. எனவே வவுணதீவின் மாணவி, மட்டக்களப்பு நகரின் புகழ்பெற்ற கல்லூரிகளின் மாணவர்களோடு அதே வெட்டுப்புள்ளிக்காகப் போட்டியிட வேண்டும். விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை நடத்தும் 1ஏபி பாடசாலைகள் வாவிக்கு மேற்கே விரல்விட்டு எண்ணக்கூடியவை என்ற நிலையில் அந்தப் போட்டியின் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதானே.

வலய எல்லைகள் குறித்தும் சிலவற்றை மனம்திறந்து பேச வேண்டும். மட்டக்களப்பு மத்தி வலயம் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என ஒன்றோடொன்று நிலத்தொடர்பற்ற முஸ்லிம் ஊர்களின் பாடசாலைகளை இணைப்பது. 1990இன் கோரச் சம்பவங்களை அனுபவித்த ஒரு சமூகம் தனது பிள்ளைகளின் கல்வியைத் தனது பொறுப்பில் வைத்திருக்க விரும்பியதில் தவறு காண எம்மால் முடியாது. அவ்வலயம் கண்டுள்ள முன்னேற்றம் அந்த விருப்பத்துக்கு நியாயம் சேர்த்துள்ளது. ஆனால், எல்லை வகுத்த பின்னர் இரு பக்கமும் பேசுவதையே நிறுத்திவிட்டால் இழப்பு இருவருக்குமே. ஒரே மொழியில் ஒரே பாடத்திட்டத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவர்கள். ஒரு காலத்தில் தமிழ் ஊர்களில் முஸ்லிம் ஆசிரியர்களும் முஸ்லிம் ஊர்களில் தமிழ் ஆசிரியர்களும் கற்பித்ததை எமது மூத்த வாசகர்கள் அறிவார்கள். ஒரு வலயத்தில் மேலதிகமாகவுள்ள பாட ஆசிரியரை அயல் வலயத்துக்கு ஈராண்டுக்கேனும் விடுவிப்பது இன்று இனப்பிரச்சினையாக உருவெடுத்துவிடும் என்ற அச்சத்தில் அதிகாரிகள் கோப்பை மூடிவைப்பது வெட்கத்துக்குரியது.

இப்போது சிறிய பாடசாலைகளின் எதிர்காலம் பேசப்படுகின்றது. நாட்டின் சுமார் 10,000 அரச பாடசாலைகளில் ஏறக்குறைய 3,000 பாடசாலைகள் நூறுக்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. 2025இல் கல்விச் சீர்திருத்த யோசனைகள் முன்வைக்கப்பட்டபோது இதுவும் விவாதத்துக்கு வந்தது. நகரத்தில் ஒரு சிறிய பாடசாலையை மூடினால் பிள்ளை அடுத்த வீதிக்குச் செல்லும். உன்னிச்சைக்கு அப்பாலுள்ள குடியேற்றமொன்றில் மூடினால் அப்பிள்ளை, குறிப்பாகப் பெண் பிள்ளை, வீட்டிலேயே இருந்துவிடும். பேருந்து ஓடாத பாதையை அளந்து பார்க்காமல் மாணவர் தொகையை மாத்திரம் வைத்து எடுக்கப்படும் எந்த முடிவையும் நாம் எதிர்ப்போம்.

மாகாண சபைத் தேர்தலை நடத்துங்கள் என்று அரசாங்கத்தை மீண்டும் வலியுறுத்துகின்றோம். அதற்கு ஆகும் காலத்தைக் காரணங்காட்டி மற்றவற்றையும் ஒத்திவைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வலயத்திலும் எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, உள்ளவர் எத்தனை பேர், ஒதுக்கப்பட்ட பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு என்ற விபரத்தை மாகாணக் கல்வித் திணைக்களம் ஆண்டுதோறும் தமிழில் வெளியிடலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவ்விபரங்களைக் கேட்டுப் பெற எந்தவொரு பிரசைக்கும் உரிமையுண்டு. திணைக்களம் தானாக வெளியிடத் தயங்குமாயின், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் தத்தம் வலய அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பத்தைக் கையளிக்கட்டும். கிடைக்கின்ற பட்டியல்களை இப்பக்கத்தில் பிரசுரிப்பதற்கு நாம் இடம் ஒதுக்குவோம்.