சுங்கை பீசியின் குதிரைகள்

கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் பந்தயக் குதிரைகள் ஓடின. 1896இல் தோன்றிய சிலாங்கூர் டர்ஃப் கிளப், 1990களின் தொடக்கத்தில் அங்கிருந்து சுங்கை பீசிக்கு இடம் மாறியது. இங்கே ஓடுபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்த குதிரைகள். பந்தயத்துக்கு முன் அவற்றை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். கழுத்தில் நுரைக்கும் வியர்வை, தலையை உதறும் பதற்றம், பின்னங்கால் ஊன்றும் விதம் எல்லாம் அருகில் நின்று பார்ப்பவருக்குப் பந்தயப் பட்டியல் சொல்லாததைச் சொல்லிவிடும்.

இந்த வட்டாரக் குதிரைகள் உலகத் தரத்துக்கு எட்டாதவை என்பது தவறான எண்ணம். சிங்கப்பூரில் பயிற்சி பெற்ற ராக்கெட் மேன் என்ற குதிரை, 2011இல் துபாயின் கோல்டன் ஷஹீன் பந்தயத்தையே வென்றது. அந்தச் சிங்கப்பூரின் கிராஞ்சித் திடலில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5இல் நடந்து முடிந்துவிட்டது; அது பெரிய இழப்பு. இனி சுங்கை பீசியின் பொறுப்பு கூடுகிறது. வெறும் சூதாட்டம் என்று குதிரைப் பந்தயத்தை ஒதுக்குவது குதிரைக்கும் அதைப் பராமரிப்பவருக்கும் செய்யும் அநியாயம். பரிசுத் தொகையைக் கூட்டி, வெளிநாட்டுக் குதிரைகளை அழைத்து, ஆண்டுக்கு ஒரு பெரும் பந்தயமாவது அங்கே நடத்தப்பட வேண்டும்.